பாசி சாருக்குப் பதினைந்து பேர் வேண்டும்

விருப்பப் பாடம் என்றால் மாணவர்கள் விரும்பி எடுக்கும் பாடம் என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்னும் நம்பிக்கொண்டிருந்த ஒரே மனிதர், தாவரவியல் துறையின் பாசி சார். குழாயடியிலும் மதில் சுவரிலும் பச்சையாகப் படர்ந்து நம்மை வழுக்கிவிடுகிறதே, அந்தப் பாசியைப் பற்றித்தான் அவர் பாடம் நடத்தினார். போன வருஷம் சேர்ந்தவர்கள் நான்கே பேர். அதில் ஒருவன் கைதவறிப் பொத்தானை அழுத்தியவன். இந்த முறை பதினைந்து பேர் தேறாவிட்டால் பாடத்துக்கு மூடுவிழா என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். அப்புறம் பாசி சார் ‘நேர்முகத் தேர்வில் புன்னகைப்பது எப்படி’ என்று நடத்த வேண்டியிருக்கும். அவருக்கோ போட்டோவுக்கே சிரிப்பு வராது.

பதிவு தொடங்கிய அன்று கேன்டீன் தூணுக்குப் பின்னால் தேநீரும் கையுமாக ஒண்டிக்கொண்டு காதைத் தீட்டினார். சீனியர் பெண் ஒருத்தி ஜூனியர்களுக்கு அருள்வாக்கு வழங்கிக்கொண்டிருந்தாள்.

“திங்கக்கிழமை காலைல எதையும் எடுத்துடாதீங்கடி. மூணாவது மாடி ரூம் வேணாம், ஃபேன் சுத்தாது, சத்தம் மட்டும் போடும். வரலாறு சார் அட்டெண்டன்ஸே எடுக்க மாட்டார், தங்கமான மனுஷன்.”

“பாசி சார் எப்படிக்கா?”

“ரொம்ப நல்லவர்டி. அதான் பிரச்சினையே. மணி அடிச்சாலும் அவருக்குச் சந்தோஷம் அடங்காது. அதுவும் இல்லாம, வழுக்கி விழறதுக்கு எதுக்கு ஒரு எலக்டிவ்? பாத்ரூம் போதாதா?”

தேநீர் புரையேறியது.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒப்பித்தார். மருந்துக்கடை நடத்தும் அவர் மனைவி சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஏங்க, கசப்பு மாத்திரைக்கு மேல இனிப்பு பூசித்தானே விக்கிறோம்? உங்க மைக்ராஸ்கோப் ரூம்ல ஏசி இருக்குல்ல?”

“அது லென்சுல பூஞ்சை பிடிக்கக் கூடாதுன்னு போட்டதும்மா.”

“பிள்ளைங்க மேல பூஞ்சை பிடிச்சா பரவாயில்லையாக்கும்! அங்கேயே நடத்துங்க. சாப்பாட்டுக்கு அப்புறமா வைங்க.”

அறையும் நேரமும் மாறின. முப்பத்தெட்டு பேர் வந்து விழுந்தார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ரொம்பத் துள்ளாதீங்க,” என்றாள் மனைவி. “இது உங்க பாசிக்கு வந்த கூட்டம் இல்ல, ஏசிக்கு ஒதுங்கின கூட்டம். பாடத்தை மாத்திக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு.”

அவள் சொன்னது பொய்யில்லை. ஒருத்தி போர்வையோடு வந்தாள். கடைசி பெஞ்சு மொத்தமும் வகுப்பு தொடங்கிய கையோடு கண்ணயர்ந்தது. பாசி சார் குறட்டைக்கு மேல் குரலை உயர்த்தி நடத்தினார்.

பாடத்தை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். அன்றைக்குப் பார்த்து ஏசி ஒரு பெருமூச்சு விட்டு மண்டையைப் போட்டது. உறங்கியவர்கள் விழித்தார்கள், விழித்த கையோடு போனை எடுத்தார்கள். கட்டைவிரல்கள் ‘விலகு’ பொத்தானைத் தேடுவதை அவர் பார்த்தார். செய்வதறியாமல், நூலகச் சுவரில் சுரண்டி ஊறவைத்திருந்த பாசியைப் பிழிந்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து, முன்வரிசைக் குண்டுப் பையனைக் கூப்பிட்டார். அவன் கடனே என்று குனிந்தான்.

“டேய்! உள்ள ஒண்ணு நடக்குதுடா! எட்டுக் கால்!”

“அது நீர்க்கரடிப்பா, வெறும் கண்ணுக்குச் சிக்காத குட்டி உயிரு. பாசிக்குள்ளதான் குடியிருக்கும். தண்ணி வத்தினா சுருண்டு படுத்துக்கும், திரும்பத் தண்ணி பட்டா எழுந்து நடக்கும்.”

“எத்தனை வருஷம் சார் அப்படியே கிடக்கும்?”

“உன் அரியர் எல்லாம் முடியிற வரைக்கும் தாங்கும்.”

அறை அதிர்ந்தது. தான் சொன்னது ஜோக் என்பது பாசி சாருக்கே அப்புறம்தான் உறைத்தது.

அதற்கப்புறம் தள்ளுமுள்ளு. “ஏய், நீ ரெண்டு தடவை பாத்துட்ட, தள்ளுடி!” “இதோட நடையப் பாருங்கடா, அப்படியே நம்ம துறைத்தலைவர்!” வியர்வை வழிய வழிய ஒரே கும்மாளம். மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை. ஏணியோடு வந்த ஏசி மெக்கானிக் கழுத்தை நீட்டினார்.

“சார், நானும் ஒரு தடவை பாத்துக்கட்டுமா?”

“அண்ணே, வரிசையில வாங்க!” என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

அவர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைசியில் போய் நின்றார். பதிவு மூடிய நேரத்தில் பட்டியலில் முப்பத்தைந்து பெயர் மிச்சமிருந்தது. பாசி சார் அதைப் பார்க்கவே மறந்துபோனார். ஏசியை இன்னும் யாரும் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.