கடைசித் தாளின் பின்பக்கம்

மயில்துத்தம் கலந்த மைதாப் பசை என்ன வாசனை வீசும் தெரியுமா உங்களுக்கு? புளித்த கஞ்சியையும் களிம்பேறிய செம்பையும் ஒன்றாக முகர்ந்தாற்போல இருக்கும். போன வாரம் எங்கள் தெருவில் ஒருவர் பழைய புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் இல்லை, கோபம். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் டைப் அடித்தவள், காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்புகிறவள். எனக்கு நடந்ததோ காகிதத்தில்தான் நடந்தது. நீங்கள் சிரித்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் இருந்தோம். பக்கத்து வீட்டுக் காந்தா என்னைவிட இரண்டு வயது சின்னவள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வாரப்பத்திரிகை. புதன்கிழமை மெட்ராஸ் ரயிலில் வந்து இறங்கும். அதில் வருகிற தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் தாராவியில் மீரான் பாயிடம் கொடுத்து பைண்டு செய்வோம். மாட்டுங்காவில் பாதி வீடுகளில் அலமாரி நிரம்பியது இப்படித்தான்.

காந்தா சும்மா படிக்க மாட்டாள். காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஓரத்தில் எழுதுவாள். ஈரம் பட்டால் ஊதாவாக மாறும் பென்சில் அது, புதன்கிழமை ராத்திரி அவள் நாக்கும் ஊதாவாக இருக்கும். "அசடு." "இவனுக்கு நன்னா வேணும்." "போகாதேடி, போகாதே." கல்யாணமாகி முலுண்டுக்குப் போன பிறகும் விடவில்லை. மாதம் ஒரு முறை வருவாள், நான் சேர்த்து வைத்த தாள்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வருஷம் ஒரு தொடர்கதை வந்தது. புருஷன் வீட்டில் அவமானப்பட்டு வெளியேறுகிற ஒருத்தியின் கதை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள், அடுத்த வாரமே காந்தாவும் பெட்டியோடு மாட்டுங்காவில் வந்து நின்றாள். கதையைப் பார்த்துக் கிளம்பினாள் என்று பிற்பாடு மாடி முழுக்கப் பேசினார்கள். அவள் முழங்கையில் இருந்த சூட்டுத் தழும்பு எந்தப் பத்திரிகையில் வந்ததாம்?

இரண்டு மாதம் இருந்தாள். அவள் அப்பாவுக்கு வெளியே தலை காட்ட முடியவில்லையாம். ஒரு புதன்கிழமை நான் பத்திரிகையை வாங்கி, மார்க்கெட்டிலிருந்து நடந்துகொண்டே அத்தியாயத்தைப் படித்து முடித்து, கண்ணெல்லாம் கலங்கி மாடியேறினேன். கதாநாயகி திரும்பிப் போகிறாள். அவன் ஸ்டேஷனுக்கே வந்து பெட்டியைக் கையில் வாங்கிக்கொள்கிறான், தலை நிமிரவில்லை அவனுக்கு. அப்படி எழுதியிருந்தார் அந்த மனிதர். நானும் உருகிப்போயிருந்தேன், இப்போது நினைத்தால் என் கன்னத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. வராந்தாவில் காந்தாவின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ருக்கு, நீ நாலெழுத்து படிச்சவ, ஆபீஸ் போறவ. நீ சொன்னா கேப்பா. சொல்லும்மா."

உள்ளே போய்ச் சொன்னேன். கையில் பத்திரிகையோடு நின்றுகொண்டே, அந்த அத்தியாயத்தை வரி பிசகாமல் சொன்னேன். பெட்டியைக் கையில் வாங்கினான்டி, மனுஷன் மாறுவான்டி, ஒரு ரெண்டு மாசம் பொறுத்துப் பாரேன் என்றேன். காந்தா முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"நான் படிக்கறதுக்கு முன்னாடி நீ ஏன் சொன்னே?"

அவளுக்கு வந்த கோபம் அது ஒன்றுதான். அந்த இதழை அவள் தொடவே இல்லை. மறுநாள் காலை அவளை ரயிலேற்ற நான்தான் போனேன்.

ஆறாவது வாரம் காமாலையாம். பத்து நாள் கைவைத்தியமாம், டாக்டரைக் கூப்பிட்டது பதினோராம் நாளாம். காமாலைக்குக் கண் மஞ்சளாகும் என்று தெரியாத வீடா அது? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் செத்துப்போன மூன்றாம் வாரம் தொடர்கதை முடிந்தது. கடைசி அத்தியாயத்தில் புருஷன் காலில் விழுந்து அழுகிறான், கதாநாயகி அவனைத் தூக்கி நிறுத்திக் கண்ணைத் துடைக்கிறாள். வாசகர் கடிதங்களில் ஊர் ஊராக அழுதிருந்தார்கள். 'தலையணை நனைந்தது' என்று ஒருத்தி. நானும் எழுதிப் போட்டேன், நான்கு பக்கம், வசவைத் தவிர எல்லா வார்த்தையும் போட்டு. பிரசுரமாகவில்லை.

காந்தா தொடாமல் போன அந்த ஸ்டேஷன் அத்தியாயத்திலிருந்து வந்த தாள்களை நான் ஒருவரையும் தொட விட்டதில்லை. அவளுக்காக என் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன், சாவி என் கழுத்தில். கடைசி இதழையும் சேர்த்து மீரான் பாயிடம் கொண்டுபோனேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பிரித்துப் பார்த்தார்.

"எம்மா, கடைசித் தாளுக்குப் பின்னால வேற கதை ஆரம்பிக்குல்லா. என்ன செய்யட்டும்?"

எங்களுக்கு எப்போதும் வருகிற சங்கடம்தான். ஒரு கதையின் முடிவுக்குப் பின்பக்கம் அடுத்த கதையின் தொடக்கம் அச்சாகியிருக்கும், இரண்டில் ஒன்றை இழக்க வேண்டும். பின்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிடச் சொன்னேன். பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாக எண்ணிக் கொடுத்தேன். பென்சில் குறிப்பெல்லாம் ஸ்டேஷன் அத்தியாயத்துக்கு முந்தின வாரத்தோடு நின்றிருந்தது. அதற்கப்புறம் வந்தவை வெற்று ஓரம். இதை என் கண்ணால் பார்த்தேன், நம்பினால் நம்புங்கள்.

எட்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை புத்தகம் வந்தது. மத்தியான நேரம், நல்ல மழை, வீட்டில் எல்லோரும் விழித்துத்தான் இருந்தார்கள், அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். காந்தாவின் எழுத்தைப் பார்க்கலாமென்று புரட்டினேன். அசடு. நன்னா வேணும். போகாதேடி. புரட்டிக்கொண்டே போகிறேன், குறிப்பு நிற்கவில்லை. அவள் படிக்காத, நான் வாயால் சொல்லி அனுப்பிய அந்த ஸ்டேஷன் அத்தியாயம் வந்தது. ஓரத்தில் ஊதா எழுத்து, அவளுடைய அதே கொக்கி போட்ட 'ந':

'நீ சொன்னது இந்தப் பக்கம்தானா?'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவன் இப்படி விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். மடமடவென்று கடைசிக்குப் போனேன். புருஷன் அழுகிற இடமெல்லாம் அடிக்கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் 'பொய்.' 'பொய்.' 'பொய்.' கடைசி வரியின் மேல் விரலை வைத்தேன். விரல் ஊதாவாகியது. அப்போதுதான் நாக்கில் தொட்டு எழுதியதுபோல ஈரம்.

குடையைக்கூட எடுக்காமல் மழையிலேயே தாராவிக்கு நடந்தேன். மீரான் பாயின் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"இதுல யாரு எழுதினா பாய்?"

அவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு எழுத்தே தெரியாதுல்லாம்மா. நம்பரப் பாத்து அடுக்குவேன், அம்புட்டுதான். ஒத்தையாள் கடை, இங்க வேற எவன் இருக்கான்?" பிறகு என் விரலைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மீரான் பாய் பொய் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. ஸ்டேஷன் அத்தியாயத்தை நான் அவளுக்குச் சொன்ன கதை அவருக்கு எப்படித் தெரியும், அதை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாவல் படித்துவிட்டேன். பெண்ணைத் திருப்பி அனுப்பி சுபம் போடுகிற கதை வந்தால் இன்றும் சுவரில் வீசியெறிகிறேன். ஆனால் அந்தப் புத்தகத்தை வீசவில்லை, எரிக்கவுமில்லை. ஒன்று சொல்லவில்லையே. கடைசித் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஒட்டிய வெள்ளைத்தாளுக்கு அடியில், பின்பக்கத்தில், ஊதாவாக மூன்று நான்கு வரி தெரிகிறது. படிக்க முடியவில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் தெரிந்துவிடும், அல்லது கரைந்துவிடும். எனக்கான வரியா, என்னைத் திட்டுகிற வரியா, மன்னித்த வரியா? ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த ஊதா இன்னும் கொஞ்சம் பரவுகிறது. இந்த வருஷம் ஓரம் வரைக்கும் வந்துவிட்டது.

அவளை ரயிலேற்றிய அன்று காலை மாட்டுங்கா ஸ்டேஷனில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் கூட்டம். பெட்டியை நான்தான் உள்ளே தள்ளினேன். காந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வண்டி நகர்ந்தது, நானும் கூடவே நாலடி நடந்தேன். குனிந்து, சிரிக்காமல் சொன்னாள்:

"முடிவையாவது எங்கிட்ட சொல்லிடாதேடி ருக்கு. நானே வந்து படிச்சுக்கறேன்."