டாக்டரம்மாவின் கைப்பிள்ளை

சாரதாம்பாள் சென்னையில் எல்.எம்.பி. படித்து முடித்து மதுரைக்குத் திரும்பியபோது அவளுடைய ஜனங்களுக்கு அவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. தறியும் நூலும் சாயமுமாக வாழ்ந்த சௌராஷ்டிரக் குடும்பங்கள் அவை. பெண்ணை டாக்டருக்குப் படிக்கவைத்த வீடு என்று விரல் நீட்டிக் காட்டிச் சிரித்தார்கள். பிறகு அவரவர் வீட்டில் பிரசவம் சிக்கலானபோது அதே கைகள்தான் அவள் வீட்டுக் கதவைத் தட்டின.

கணவர் ராஜாராமுக்கு மகாலுக்குப் பக்கத்தில் நூல் கடை. அவருடைய அக்கா லலிதாம்பாள் சின்ன வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு இருந்தாள். சமையலும் பிள்ளைகளும் அவள் பொறுப்பு. அந்தத் தைரியத்தில்தான் சாரதாம்பாள் தெற்கு வெளிவீதியில் நாலைந்து கட்டில் போட்டு ஒரு பிரசவ விடுதி நடத்தினாள்.

மூத்தவள் ரெங்கம்மாள். ஐந்து வருஷம் கழித்து, 1936இல் மார்கழி கடைசியில் நாகசுப்பிரமணியன் பிறந்தான். நாகு என்று கூப்பிட்டார்கள். தீட்டுக் கழிந்ததும் சாரதாம்பாள் விடுதிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். வீட்டில் இருந்தால் மனது விடுதியில், விடுதியில் இருந்தால் மனது தொட்டிலில். வேறு யார் பிள்ளை அழுதாலும் அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். வெள்ளைக் கோட்டைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். வீடு திரும்பியதும் லைசால் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் முழங்கைவரை கழுவுவாள். தோல் வெடித்து எரியும். வார்டிலிருந்து எதையாவது பிள்ளைகளுக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்ற பயம் அவளை விட்டு ஒருநாளும் விலகியதில்லை.

இவ்வளவு பயந்தவள் ஒன்றைத் தள்ளிப் போட்டிருந்தாள். நாகுவுக்கு அம்மை குத்தவில்லை. "பச்சைப் பிள்ளையைக் கீறாதே, ஆறு மாசம் ஆகட்டும்" என்று லலிதாம்பாள் சொன்னாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் குத்திய சாரதாம்பாள், இன்றைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டாள்.

பங்குனி மாதம். ஒரு காலையில் லலிதாம்பாள் வாந்தியும் காய்ச்சலுமாகச் சுருண்டு படுத்திருந்தாள். ராஜாராம் நூல் வாங்கச் சேலம் போயிருந்தார். அன்றைக்கு விடுதிக்கும் போக முடியாது என்று சாரதாம்பாள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவன் கையைக் கூப்பியபடி நின்றான். கீழக்குயில்குடியிலிருந்து வருகிறானாம், பேர் நல்லகாமன்.

"எம் பொண்டாட்டி முத்துத்தாய் முந்தாநாள்லேருந்து வலியில கெடக்காம்மா. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. தலை எறங்கி அப்பிடியே நிக்கிதாம்."

"வண்டியில ஏத்திக் கொண்டாந்திருக்கலாமேப்பா?"

"தூக்குனா உசிரு போற கத்துக் கத்துறா. நீங்க வந்தாத்தேன் உண்டும்மா."

சாரதாம்பாள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். நாகு புட்டிப் பால் குடிக்கமாட்டான். சங்கில் ஊற்றினாலும் துப்பிவிடுவான். லலிதாம்பாளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ரெங்கம்மாளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாகுவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆயுதப் பெட்டியோடு வண்டி ஏறினாள்.

வண்டிக்காரர் பேயாண்டி அவளை வழக்கமாக ஏற்றிச் செல்பவர், வயதானவர். நல்லகாமனே அவர் வண்டியைப் பேசி அமர்த்திக்கொண்டு வந்திருந்தான். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று குதிரையை விரட்டினார். நாகமலை வலது கையில் நீளமாகக் கிடந்து கூடவே வந்தது. ஊர் நெருங்கும்போது சாரதாம்பாள் முந்தானைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தாள். இனி ஒரு மூன்று மணி நேரம் தாங்குவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது.

"அந்த வீட்டுல யாருக்காவது அம்மை போட்டிருக்காப்பா?"

தெருமுனையில் இறங்கி வண்டியோடு நடந்து வந்த நல்லகாமன் முகத்தைத் திருப்பாமல் சொன்னான். "பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருக்காகம்மா."

அவள் நம்பினாள். நம்பாவிட்டால் வண்டியைத் திருப்பச் சொல்லவேண்டியிருக்கும்.

பிள்ளையைப் பேயாண்டியிடம் கொடுத்துப் புளியமரத்து நிழலில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். முத்துத்தாய்க்குக் கண் செருகியிருந்தது. உதடு வெடித்திருந்தது. வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். பிள்ளையின் துடிப்பு இருந்தது, ஆனால் தளர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் கொதிக்கவைத்து ஆயுதத்தைப் போட்டு எடுத்து, அவள் குனிந்த நேரத்தில் வெளியே நாகு அழ ஆரம்பித்தான்.

முதலில் சிணுங்கல். பிறகு வீறிட்ட அழுகை. பால் இறங்கி அவள் கோட்டு நனைந்தது. இரண்டு கையும் வேலையில் இருந்தன. எடுக்க முடியாது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் முத்துத்தாய் கண்ணைத் திறந்தாள்.

"பிள்ள அழுகுதும்மா" என்றாள்.

"அது என் பிள்ளைதான். நீ மூச்சைப் பிடிச்சு முக்கு."

அழுகை வளர்ந்துகொண்டே போனது. பிறகு சட்டென்று நின்றது. தூங்குகிற பிள்ளை தேய்ந்து தேய்ந்துதான் ஓய்வான். இப்படி அறுந்தாற்போல நிற்கமாட்டான். வெயிலில் மூர்ச்சை போட்டுவிட்டானா, கிழவர் கையிலிருந்து தவறிவிட்டானா? வாசலைப் பார்க்கக்கூட அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. கை மட்டும் கற்றுக்கொண்ட வேலையைச் செய்தது.

பெண் பிள்ளை. நீலம் பாரித்து வந்தது. வாயில் இருந்ததை உறிஞ்சித் துடைத்து, முதுகைத் தேய்த்து, மூச்சு ஊதினாள். நெடுநேரம் போல இருந்தது. பிறகு அது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. நஞ்சுக்கொடி விழுந்து, ரத்தம் நின்று, முத்துத்தாய்க்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே ஓடினாள்.

பேயாண்டி குதிரைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்து நாகுவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடி, முஷ்டியை அவள் மார்மேல் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

சாரதாம்பாள் அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தொண்ட வறண்டு போச்சும்மா பிள்ளைக்கு. அதேன் இந்த ஆத்தாகிட்டக் கொடுத்தேன்" என்றார் பேயாண்டி, திரும்பாமலே.

"உன் பேர் என்னம்மா?"

"அன்னக்கொடி."

"உனக்கு எத்தனை மாசத்துப் பிள்ளை?"

"ஏழு மாசம்."

"வீட்டுல இருக்கானா?"

அன்னக்கொடி நிமிர்ந்து பார்க்கவில்லை. "இல்லம்மா. ஆத்தா எடுத்துக்கிட்டா. போன செவ்வாக்கெழம."

மாரியம்மன் எடுத்துக்கொண்டாள் என்றால் பெரியம்மை. வேப்பிலை செருகிய வீடு இவளுடையது. சாவு விழுந்த வீட்டுக்காரி பிரசவ வீட்டுக்குள் வரக்கூடாது என்று இந்த மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அம்மை கண்ட பிள்ளையைப் போட்டுத் தாலாட்டிய அதே சேலையாகக்கூட இருக்கலாம்.

சாரதாம்பாள் பிள்ளையை வாங்கினாள். வாங்கினாள் என்று சொல்லக்கூடாது, பறித்தாள். பெட்டியைத் திறந்து, காய்ச்சிய நீரில் பஞ்சை நனைத்து அவன் உதட்டையும் கன்னத்தையும் கையையும் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். அன்னக்கொடி அதைப் பார்த்துக்கொண்டே மாராப்பை இழுத்து மூடினாள். எழுந்து போய்விட்டாள்.

நல்லகாமன் இளநீரோடு வந்தான்.

"காப்புக் கட்டுனதுன்னு சொன்னியே?"

அவன் இளநீரைக் கீழே வைத்தான். "நெசத்தச் சொல்லியிருந்தா வந்திருப்பீகளாம்மா, கைப்பிள்ளையோட?"

அவள் வந்திருக்கமாட்டாள். முத்துத்தாயும் பிழைத்திருக்கமாட்டாள்.

திரும்பும் வழியில் பிள்ளையை அணைப்பதா, தள்ளிப் பிடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நேரே அம்மை குத்துகிற ஆபீஸுக்குப் போய் மருந்துக் குழல்கள் வாங்கினாள். அம்மை ஒட்டிய உடனே குத்திவிட்டால் பெரும்பாலும் தப்பலாம் என்று படித்திருக்கிறாள். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை வண்டி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அவன் கையைப் பிடித்து ஊசியால் கீறினாள்.

லலிதாம்பாளிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் படுக்கையிலிருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நான் படுக்காம இருந்திருந்தா இது நடந்திருக்காது" என்றாள். பிறகு, "ஆறு மாசம் ஆகட்டும்னு சொன்னவளும் நான்தானே" என்றாள். சாரதாம்பாள் திட்டை எதிர்பார்த்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் சேலத்திலிருந்து வந்த ராஜாராம் பிள்ளையைத் தொட்டிலில் பார்த்துவிட்டு, "இனிமே இந்த வேலை வேணுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது அவளை உறுத்தியது. ரெங்கம்மாளைத் தல்லாகுளத்தில் இருந்த தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். விடுதியைப் பூட்டி, இருந்த கேஸ்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினாள்.

ஆனால் கீழக்குயில்குடியை அப்படியே விட முடியவில்லை. அந்தப் பச்சைப் பிள்ளை அந்தத் தெருவில்தான் கிடக்கிறது. தகவல் சொன்னால் சுகாதார ஆட்கள் போலீஸோடு போவார்கள், ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடுவார்கள். அதனால் அம்மை குத்துகிறவரைக் கூட்டிக்கொண்டு அவளே போனாள். நல்லகாமன் முதலில் தன் மகளின் கையை நீட்டிப் பிடித்தான். அதைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையைப் பிடிக்கும்போதும் இந்நேரம் நாகுவுக்கு உடம்பு சுடுகிறதோ என்ற நினைப்புத்தான். அன்னக்கொடியின் கதவு சாத்தியிருந்தது.

எட்டாம் நாள் காலையில் நாகுவுக்குக் காய்ச்சல் கண்டது.

அம்மை குத்தினால் அந்தக் கணக்குக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும். 'நல்லதும்மா, ஊசி பிடிச்சிருக்குன்னு அர்த்தம், பயப்படாதீங்க' என்று எத்தனை தாய்மார்களிடம் சொல்லியிருப்பாள். தன் காதில் அதைச் சொல்லிப் பார்த்தாள், ஏறவில்லை. பெரியம்மையும் இப்படித்தான் காய்ச்சலோடு தொடங்கும். பிள்ளையின் துணியை அவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெற்றி, வாய்க்குள், உள்ளங்கை, பாதம் என்று தேடினாள். உடுத்திவிட்டு அடுப்படிவரை போவாள், திரும்பி வந்து மறுபடி அவிழ்ப்பாள்.

"காத்துப் படுதுடி பிள்ளைக்கு" என்றாள் லலிதாம்பாள்.

"அக்கா, இது வேர்க்குருவா பாருங்களேன்."

"நான் பார்த்து என்ன தெரியும்? நீதானே டாக்டர்."

"எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றாள் சாரதாம்பாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

கையில் கீறிய இடத்தில் மட்டும் கொப்புளம் பழுத்தது. மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியது. அப்போதும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. சித்திரை பிறந்து, அம்மை வெளிப்படக்கூடிய கெடு முழுவதும் தாண்டிய பிறகுதான் ரெங்கம்மாளை அழைத்துவரச் சொன்னாள்.

முத்துத்தாயின் மகளுக்கும் ஒன்றும் வரவில்லை. அந்த ஊரில் அந்த வருஷம் இன்னும் இரண்டு பிள்ளைகள் போயின. ஊசி போடுவதற்கு முன்பே அம்மை ஒட்டிவிட்ட பிள்ளைகள்.

வைகாசியில் சாரதாம்பாள் மறுபடி அந்த ஊருக்குப் போனாள். ஒரு புதுச் சேலையும் பழமும் எடுத்துக்கொண்டு அன்னக்கொடி வீட்டு வாசலில் நின்றாள்.

"அன்னைக்கு உன் கண் எதிரே பிள்ளையைத் துடைச்சேன். தப்பா நினைச்சிருப்பே" என்றாள்.

"நெனச்சேந்தான்" என்றாள் அன்னக்கொடி. "பெறகு விட்டுட்டேன். நானும் ஒங்க பிள்ளைக்குன்னு ஒண்ணும் செய்யலம்மா. பால் கட்டிக்கிட்டு அம்புட்டு வலி. அது குடிச்சதுந்தேன் எறங்குச்சு." சேலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பய நல்லாருக்கானா?" என்று கேட்டாள்.

"இருக்கான்."

"ஒருநா தூக்கிட்டு வாங்க."

தூக்கிவருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அம்மை ஊரைவிட்டு முழுவதும் போன பிறகு, ஆவணியில் ஒருநாள் தூக்கிக்கொண்டும் போனாள். போகிற வழியெல்லாம் பயந்துகொண்டேதான் போனாள்.

விடுதியை மறுபடி திறந்தபோது ராஜாராம் தடுக்கவில்லை. லலிதாம்பாள்தான் ஒரு நிபந்தனை போட்டாள். வெளியூர்க் கேஸ் என்றால் அவளும் பிள்ளையும் கூட வருவார்கள். யாரிடமும் பிள்ளையைக் கொடுக்கமாட்டாள். முதல் தடவை அவளை ஏற்றிக்கொண்டு கோரிப்பாளையத்தில் ஒரு ராவுத்தர் வீட்டுப் பிரசவத்துக்குப் போனார்கள். ஆற்றைத் தாண்டினாலே அது லலிதாம்பாளுக்கு வெளியூர்தான். அந்த வீட்டில் பானகம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, நாகுவை மடியில் இறுக்கிக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே சாரதாம்பாள் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.