ஹமீதாக்காவின் சிவப்பு ஏரி

போன வாரம் நாங்கள் நாலைந்து பெண்கள் சேர்ந்து எங்கள் தையல் வேலைகளை நூலகக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தோம். என்னுடையவை ஒரு சாண் அகலச் சதுரங்கள். மேலே பட்டுத் துண்டுகளால் ஒரு படம், நடுவில் பழைய துவாலை, அடியில் வேட்டித் துணி, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டிய தையல். சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாள் என் சிவப்பு ஏரியின் முன்னால் நின்றுவிட்டு, ஏரியைச் சிவப்பாக வைக்க என்ன துணிச்சல் உங்களுக்கு என்றார். உங்களிடம் மறைப்பானேன், ஒரு நிமிஷம் உச்சி குளிர்ந்துதான் போனேன். ஆனால் அந்தச் சிவப்பு என்னுடையதில்லை. அதில் துணிச்சலும் இல்லை.

மாட்டுவதற்கு முன் இஸ்திரி போட்டிருந்தேன். பட்டில் சூடு பட்டால் ஒரு வாசனை வரும், முடி பொசுங்குவதற்குச் சற்று முந்தைய வாசனை. நான் முப்பது வயதில் வேலை பார்த்த புடவைக் கடையின் பின்னறை முழுக்க அந்த வாசனைதான். நான் முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவேன். ஒலிமுகமதுபேட்டையிலிருந்து வரும் ஹமீதாக்கா எதிரே மிஷினில் உட்கார்ந்து புடவைக் கீழோரத்துக்கு ஃபால்ஸ் அடிப்பார். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். ரமலானில் நான் டப்பாவை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டால், "நல்லா உக்காந்து துன்னுமா, நோம்பு எனக்குத்தான்" என்பார்.

வேலை இல்லாத நேரத்தில் ரவிக்கைத் துணி வெட்டி விழுந்த துண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு அக்கா சின்னப் படங்கள் தைப்பார். அவற்றுக்கு அவர் வைத்த பேர் ரஜாய்க் குட்டி. ரஜாய், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, போட்ட குட்டியாம். பார்த்ததும் எனக்கும் கை பரபரத்தது. உங்களைப் பார்த்து நானும் தைக்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாகத் தை என்றார்.

முதலில் நான் காப்பியடித்தது தாமல் ஏரி. அக்காவின் அக்காள் வீடு அந்த ஊரில். பஸ்ஸிலிருந்து தெரியும் ஏரியை மயில்கழுத்துப் பட்டில் தைத்திருந்தார். நானும் ஏரிக்குப் பச்சை, வானத்துக்கு நீலம் என்று இரண்டு துணி தேடிப் பிடித்துத் தைத்துக் கொண்டுபோனேன். செத்த ஏரியாக இருந்தது. அக்கா சிரித்துவிட்டார். அவர் வைத்தது ஒரே துணியாம். மயில்கழுத்தில் பாவு நீலம், ஊடை பச்சை. நெடுக்கே போடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. துண்டைத் திருப்பி வைத்தால் நிறம் மாறிவிடும்.

"பாவு மேல கீழ போனா வானம், குறுக்க போனா ஏரி. கண்ணால தேடாதமா, வெரலால தடவிப் பாரு" என்றார்.

அதற்குப்பின் ஒரு வருஷம் அவர் தைத்ததை எல்லாம் நான் தைத்தேன். தையலுக்குத் தையல் எண்ணி, நூல் கனம் பார்த்து, பரீட்சைக்குப் படிப்பவள் மாதிரி. அந்த வருஷத்தில்தான் அக்காவின் படங்கள் மாறின. தையல் வலப்பக்கம் அகலமாகி, கோட்டை விட்டு விலகியது. பிறகு ஒருநாள் அதே தாமல் ஏரி அரக்குச் சிவப்பில் வந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. சாயங்கால வெயில் ஏரியில் விழுகிறது என்று நானே ஒரு விளக்கமும் கட்டிக்கொண்டேன். காலையில் ஊசிக்கெல்லாம் என்னையே நூல் கோக்கச் சொன்னார், செல்லம் கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். ஃபால்ஸ் கோணுகிறது என்று முதலாளி சத்தம் போட்டார், மிஷினில் கோளாறு என்று நினைத்தேன்.

சிவப்பு ஏரியை அப்படியே தைத்தேன். விலகிப்போன தையலைக்கூட விடவில்லை. அக்கா வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பி விரலால் தடவினார். பாவு சரியா வெச்சிருக்கே என்று பாராட்டினார். அந்தப் பெருமையில் நான், "உங்களுது மாதிரியே ஏரி அரக்குலயே வெச்சிருக்கேன்கா" என்றேன்.

விரல் நின்றது.

"எதுல வெச்ச?"

"அரக்குலக்கா."

"நான் மயில்கழுத்துதான்மா வெச்சேன்."

அவர் மடியில் கிடந்த துண்டுகளைப் பார்த்தேன். அரக்கும் மயில்கழுத்தும் கலந்து கிடந்தன. அவருக்கு இரண்டும் ஒரே இருட்டாகத் தெரிந்திருக்கிறது. பாவு போகிற திசையை விரல் சொல்லிவிடும், நிறத்தைச் சொல்லாது. தெரிந்தால் மிஷினிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று பயந்து, வீட்டிலும் சொல்லாமல் மறைத்திருக்கிறார்.

மறுநாளே கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போனது திரும்பாது, ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் பெரும்பகுதி பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். நான் அக்காவின் கையைப் பிடித்தபடி நின்றேன். அந்த ஒரு வருஷமும் அவர் போட்ட ஒவ்வொரு தையலையும் உற்று உற்றுப் பார்த்தவள் நான்தான். அவரைப் பார்க்கவில்லை.

வேலை போனது. இரண்டு வருஷத்தில் மீதிப் பார்வையும் போனது. மகள் வீட்டோடு இருக்க வாணியம்பாடிக்குக் கிளம்பியபோது போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் ஏதோ உளறினேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் பயந்துக்கினு மறைச்சேன், உம்மேல ஒண்ணும் இல்லமா. ஏன்கா ஏரி செவப்பா இருக்குதுன்னு ஒருவாட்டி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உங்கிட்ட மறைச்சிருக்க மாட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னார்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பின்னறையை இடித்துவிட்டார்கள். அக்கா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. எங்கள் கூட்டத்தில் யார் எதைத் தைத்துக் கொண்டுவந்தாலும், ஏன் இந்த நிறம், ஏன் இங்கே தையல் கோணுகிறது என்று குடைகிறேன். தொணதொணக்கிறேன் என்று பெண்கள் சலித்துக்கொள்கிறார்கள், பாதிப்பேர் பதிலே சொல்வதில்லை. சொல்லியிருக்கக்கூடிய ஒருத்தரைத்தான் நான் கேட்கவில்லை.