யுன்சியனின் கடைசி உடுப்பு

யுன்சியன் ஒரே நாளில் சுவாங்காரி ஆகிவிடவில்லை. மலைமேல் இருக்கும் யி இனத்தார் ஊரில் பிறந்து, கீழே ஆற்றங்கரையில் சுவாங் இனத்தார் ஊருக்கு இருபது வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதலில் போனது தலைத்துணி. பூவேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு குனிந்து நாற்று நட்டால் அது சேற்றில் விழும். சுவாங் பெண்களின் கறுப்புத் துண்டு விழாது. அடுத்தது சட்டை. முதல் மகள் பிறந்ததும், அவுரிச் சாயத்தில் பத்து முறை முக்கிக் கட்டையால் அடித்துப் பளபளப்பாக்கிய கறுப்புச் சட்டையை மாமியார் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாமென்று சொல்ல முடியுமா? கடைசியில் பாவாடையும் போய்க் கால்சட்டை வந்தது. மலைக்காரர்களே சந்தையில் அவளிடம் சுவாங் மொழியில் பேசினார்கள்.

அதற்கெல்லாம் அவள் அழவில்லை. ஊரோடு ஒத்து வாழத்தானே வந்தாள். அவள் விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அதைக் கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை தேஷெங்கிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

“உசுரோட இருக்கிற வரைக்கும் உங்க துணி. செத்தா என் துணி. சம்மதம்னா பேசுங்க, இல்லைன்னா நான் மலையேறிடுறேன்.”

“செத்தப்புறம் நீ எதை உடுத்துனா எனக்கென்ன? நான்தான் முன்னாடி போயிருப்பேனே,” என்றான் அவன். சொன்னபடியே முன்னாடி போயும் சேர்ந்தான்.

மலைக்காரர்கள் நம்பிக்கைப்படி, செத்தவர்கள் முன்னோர் இருக்கும் இடத்துக்கு நடந்துதான் போக வேண்டும். போகிற வழியை ஊர்ப் பூசாரியான பிமோ ஓதி அனுப்புவார். ஆனால் போய்ச் சேர்ந்த பெண்ணை அங்கே அடையாளம் காண்பது பாவாடைக் கரையை வைத்துத்தான். கரை தெரியாதவளை ஒருவரும் உள்ளே கூப்பிட மாட்டார்கள். யுன்சியனுக்கென்று அவள் அம்மா சாகும் முன் ஒரு ஜோடி தைத்து வைத்திருந்தாள்: முக்கோணத் துண்டுகள் வைத்துத் தைத்த மேலங்கி, மடிப்புப் பாவாடை, இடுப்புக் கச்சை. பாவாடைக் கரைக்குச் சிவப்பு நூல் போதாமல், கடைசி ஒரு சாண் மட்டும் மஞ்சள் நூலில் முடித்திருந்தாள்.

வேறு குலத்துச் சாவுத்துணி தன் கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது என்று மாமியார் ஒரே பிடியாக நின்றதால், அந்த ஜோடி பிறந்த வீட்டிலேயே, அண்ணி கைலானின் பெட்டியில் இருந்தது. கைலான் அண்ணியாவதற்கு முன்பே தோழி. ஒரே கிண்ணத்தில் சோளச் சாராயம் குடித்து, அக்கா தங்கை என்று சத்தியம் செய்துகொண்டவர்கள். அவளுக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீளம். யுன்சியன் முதல் தடவை கறுப்புச் சட்டை, கால்சட்டையோடு மலையேறி வந்தபோது, “ஏய், கரிச்சான் வந்துடுச்சு. புழு பூச்சி ஏதாவது பிடிச்சுப் போடுங்கடி,” என்று ஊரைக் கூட்டிச் சிரித்தாள்.

பிறகு மலைக்குத் தார் ரோடு வந்தது. பழந்துணி தேடி வந்த வியாபாரியிடம் கைலான் தன் யி உடுப்பையெல்லாம், சாவுக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்து, கொடுத்துவிட்டு ஒரு தையல் மெஷினை வாங்கிக்கொண்டாள். அதில் தனக்கும் பாதி ஊருக்கும் சுவாங் சட்டையாகத் தைத்துத் தள்ளினாள்.

“இப்ப யாருடி கரிச்சான்?” என்று கேட்டாள் யுன்சியன்.

“சிரிச்சுக்கோ. நான் பொறந்த மலையிலேயே சாகிறவ. என்னைத் தெரியாதவங்க அங்க யாரு இருக்கா?”

யுன்சியன் வருஷத்துக்கு ஒரு முறை போய்த் தன் துணியை வெயிலில் போட்டு எடுத்து வைப்பாள். மூட்டுவலி வந்த பிறகு மூன்று வருஷமாகப் போக முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் கைலான்தான் போனில் சொன்னாள்: “கொடியில போட்டு எடுத்துட்டேன்டி. ஒரு பூச்சி அரிக்கலை. நீ நிம்மதியா இரு.” நிம்மதியாகத்தான் இருந்தாள் அந்தப் பைத்தியக்காரி.

பத்தாம் மாதம் கைலான் நெஞ்சுச் சளியில் போய்விட்டாள். மருமகனின் பைக்கில் காலையிலேயே யுன்சியன் மேலே போனாள். செத்தவளுக்குக் கச்சை கட்ட வேண்டியவள் நாத்தனார்தான். அழுதுகொண்டே உள்ளே நுழைந்தாள். அண்ணன் சாவ்வென் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யுன்சியன் மேலே மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினாள். கால்மாட்டில் ஒரு சாண் மஞ்சள் கரை தெரிந்தது.

“அண்ணா, இது என்னுது.”

“கடைசி வாரம் பூரா அதையே கேட்டு அழுதாம்மா. பயந்துட்டா. நான் என்ன பண்ணுவேன்?”

யுன்சியன் பாவாடையின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கைலான் தடித்த உடம்புக்காரி. இடுப்பில் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புத் துணி வைத்து, நேர்கோடாக மெஷின் தையல் ஓடியிருந்தது. படுக்கையில் கிடந்தவள் மெஷினா மிதித்தாள்? நன்றாக நடமாடிக்கொண்டிருந்தபோதே தைத்துப் போட்டுப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறதென்று மடித்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் போன் செய்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அதுவும் நின்று நிதானமாக.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ குடுத்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கலை. நீதான் இத்தனை வருஷமா சுவாங்காரியாவே இருக்கியே. உனக்குக் கீழேயே எல்லாம் முறையா செய்வாங்க.”

சந்தையில் எத்தனையோ பேர் கேலியாகச் சொன்ன பேச்சுதான் அது. கூடப்பிறந்தவன் வாயிலிருந்து வந்தபோதுதான் அவளுக்கு உடம்பு எரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே செய்திருக்கிறார்கள். அவளுக்கு இனி போக்கிடம் இல்லை என்பது தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

உடுத்திய பிணத்தை அவிழ்த்தால் அந்தக் குடும்பம் விளங்காது என்பார்கள். நேரமாகிறது, கச்சையைக் கட்டச் சொல்லுங்கள் என்று பிமோ வாசலிலிருந்து குரல் கொடுத்தார். கட்டுகிறவள் ஒப்பாரி வைக்கும்போது எதைச் சொன்னாலும் யாரும் குறுக்கே பேசக்கூடாது. எல்லாரும் யுன்சியனையே பார்த்தார்கள். அவள் மண்டியிட்டுக் கச்சையைக் கையில் எடுத்தாள்.

“போடி கைலான், நல்லா நடந்து போ. அங்க எங்கம்மா நிப்பா. தான் தைச்ச பாவாடையைப் பார்த்ததும், யுன்சியன் வந்துட்டியான்னு ஓடி வருவா. நான் இல்லைன்னு சொல்லிடாதே. வந்துட்டேம்மான்னு சொல்லு. எம் பேரையும் நீயே வச்சுக்கோ. பின்னாடி நான் இந்தக் கறுப்புச் சட்டையோட போய் நின்னா, எம்மக எப்பவோ வந்துட்டாளே, நீ யாரு தாயின்னு எங்கம்மா என்கிட்டயே கேப்பா.”

சொல்லிக்கொண்டே கச்சையை இறுக்கி முடிந்தாள்.