பதினைந்தாவது வீடு

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. வெயில் சுள்ளென்று இருந்தது. மேற்கே மலைமேல் மட்டும் ஒரு துண்டு மேகம். துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு தப்படி நடந்து, புரோக்கர் சொல்லி நான் பார்க்கப் போன பதினைந்தாவது வீட்டின் கேட்டைத் தட்டினேன்.

மகனுக்குச் சரவணம்பட்டியில் வேலை கிடைத்திருந்தது. பெண்டாட்டி பிள்ளையோடு சென்னையைக் காலி செய்துவிட்டு வருவதாக முடிவு. "உங்களுக்குத்தானப்பா ஊரு தெரியும், நீங்களே ஏரியா பாருங்க. எல்லாரும் ஒரே ஊட்டுல இருந்துக்கலாம்" என்று போனில் சொன்னான். என் மனைவி போய் ஆறு வருடம். எழுபத்து நான்கு வயதில், கருமத்தம்பட்டியில் தறிச் சத்தத்துக்கு நடுவே தனியாகச் சோறாக்கித் தின்றுகொண்டிருந்தேன். ஒரே வீட்டில் என்று அவன் சொன்ன சொல்லுக்காக ஒன்பது நாள் பஸ் ஏறினேன்.

சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு. நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை தப்படி, தெருவில் எத்தனை நாய். பதினான்கு வீடுகளைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். ஒன்றில் நல்ல தண்ணீர் பதினோரு நாளைக்கு ஒருமுறை. ஒன்றின் தெருவில் ஏழு நாய். மருமகள் போனில் சிரித்தாள்: "மாமா, வீடு பாக்கறீங்களா, சென்சஸ் எடுக்கறீங்களா?"

பதினைந்தாவது வீட்டுக்காரர் என் வயதுக்காரர். கீழே அவர் குடும்பம், மேல் மாடி வாடகைக்கு. பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "வாடகை பதினெட்டுங்க" என்றார். நான் நோட்டை எடுத்தேன். அதற்குள் அவர், "எந்தூருங்க நீங்க?" என்றார்.

கருமத்தம்பட்டி என்றேன். பூர்வீகமே அங்கேயா என்றார். இல்லை, காங்கயம் பக்கம் என்றேன். எந்தக் கோயில் என்றார். குலதெய்வத்தின் பேரைச் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார்.

"அட, ஒரே கூட்டமல்லோ! பங்காளிய இத்தன நேரம் நிக்க வெச்சுப்போட்டனே! ஏனுங் அம்மணி, மோர் கொண்டா."

மூன்று கேள்வியில் நாங்கள் ஒரே குலத்து அண்ணன் தம்பி ஆகிவிட்டோம். வாடகை பதினாறாயிரமாக இறங்கியது. "நமக்குள்ள அக்ரிமெண்ட் எதுக்குங்க?" என்றார். எனக்கும் கேட்க வெட்கமாக இருந்தது. நோட்டைப் பையில் போட்டேன். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றுகூடக் கேட்கவில்லை.

மோர் டம்ளரை நீட்டிக்கொண்டே அவர் மனைவி கேட்டார்: "மருமகளும் நம்ம பக்கந்தானுங்களே? எந்தூருப் புள்ளைங்க?"

மருமகள் கும்பகோணத்துக்காரி. என் மகன் தன்னோடு வேலை பார்த்தவளையே விரும்பிக் கட்டிக்கொண்டான். நம்ம பக்கமும் இல்லை, நம்ம ஆட்களும் இல்லை. இதை எழுதும்போதுகூட 'நம்ம' என்றுதான் கை எழுதுகிறது.

"கோபிப் பக்கமுங்க" என்று கொங்கு ஊர் ஒன்றைச் சொன்னேன். மோரைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

அட்வான்ஸ் கொடுத்து, ஜூன் முதல் வாரத்தில் பால் காய்ச்சினோம். பள்ளிக்கூடம் அறுநூற்று நாற்பது தப்படி. தினமும் நான்தான் பேத்தியைக் கொண்டுபோய் விடுவேன். அவளுக்கு அது தொள்ளாயிரத்துப் பத்து. அவளும் எண்ணப் பழகியிருந்தாள். நான் சொன்ன பொய்யை மருமகளிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ காலை வேளை இருந்தது.

பதினேழாம் நாள் படிக்கட்டில் வீட்டுக்கார அம்மா மருமகளை நிறுத்தினார். நான் மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் கண்ணு, கோபில எந்தப் பக்கம்? எங்க சின்ன மாமியா ஊடு அங்கதான்."

"கோபியா? நான் கும்பகோணங்க. யாரு சொன்னா?"

"உங்க மாமனாருதானுங்க."

"எங்களுது லவ் மேரேஜுங்க" என்றாள் மருமகள். ஒரு வார்த்தை சமாளித்திருக்கலாம் என்று அப்போது அவள்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

"அப்பிடிங்களா. செரிங்க, நல்லதுங்க" என்று அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

சாயந்திரம் வீட்டுக்காரர் என்னைக் கீழே கூப்பிட்டார். நாற்காலி போட்டார். இந்தத் தடவை மோர் வரவில்லை.

"பங்காளி நீங்களே மறச்சுப்போட்டீங்களே. எனக்கு ஒண்ணுமில்லீங்க. பொண்ணுக்கு மாப்ள பாக்கறோம், வாரவங்க போறவங்க கேப்பாங்கல்லோ. ஆடி பொறந்துட்டா ஊடு மாத்தக் கூடாதுங்க. அதுக்குள்ள பாத்துக்குங்க."

கடைசி வரைக்கும் ஒரு 'ங்க' குறையவில்லை. எதிர்த்துக் காட்ட என் கையில் ஒரு காகிதமும் இல்லை.

மேலே போனேன். மருமகள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மகன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான். ஆடிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார் என்றேன்.

"பதினாலு வீட்ட நாய், தண்ணின்னு வேண்டாம்னீங்களே மாமா. இந்த வீட்டுல என்னையே வேண்டாம்னுட்டீங்க."

"வீடு கெடைக்கணுமேன்னு சொன்னேம்மா."

"கிடைச்சிருக்காது. அது எனக்குப் பழக்கந்தான். வேற தெரு பாத்திருப்போம்." கத்தியைக் கீழே வைத்தாள். "ஒன்பது வருஷமா நானும் உங்க வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சிட்டிருந்தேன், அதான்."

அவள் அழவில்லை. மகன் என்னைப் பார்க்காமல், "இனி ஊடு நாங்களே பாத்துக்கறோம்ப்பா" என்றான்.

நான்கே நாளில் பார்த்துவிட்டார்கள். சரவணம்பட்டியில் அடுக்குமாடி, மூன்றாம் தளம். எந்தக் கோயில் என்று அங்கே யாரும் கேட்கவில்லையாம். போய்ப் பார்த்தேன். தண்ணீர் லாரியில் வருகிறது, உப்பு. அறைகளை எண்ணினேன்: இரண்டு. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "எப்ப வேணும்னாலும் வாங்க மாமா" என்று மருமகள் மரியாதையாகத்தான் சொன்னாள். விருந்தாளிக்குச் சொல்வது அது. பேத்தி மட்டும், "தாத்தா, இங்கிருந்து ஸ்கூலுக்கு எத்தனை தப்படி?" என்று கேட்டாள். வேன் வரும் என்றேன்.

ஆடி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது அவர்கள் சாமான் ஒரு வண்டியில் கிழக்கே போனது. என் கட்டிலும் பீரோவும் இன்னொரு வண்டியில் கருமத்தம்பட்டிக்குத் திரும்பின. பக்கத்தில் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

செலவு முழுவதும் என்னுடையது என்று மகனிடம் சொல்லிவிட்டேன்; அவன் மறுக்கவில்லை. புரோக்கருக்கு எட்டாயிரம். பால் காய்ச்சிய செலவு மூவாயிரத்து நூற்றைம்பது. பெயிண்ட் அடிக்க என்று பங்காளி அட்வான்ஸில் பிடித்துக்கொண்டது இருபத்து நாலாயிரம்; மோருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அவர்கள் வண்டிக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு, என் வண்டிக்கு நாலாயிரத்து ஐந்நூறு. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்பதாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.