நான்காவது சிலிண்டரில் தண்ணீர்

கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே அந்தச் சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழைய முதலாளிகளுக்குள் வழக்கு. வழக்கு முடிந்து அதை வாங்கிய புதியவர்கள் ஒன்றுதான் சொன்னார்கள். தானாக ஓடினால் வைத்துக்கொள்வோம். இல்லையென்றால் இழுவைப் படகு வைத்து உடைக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவோம்.

இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க என்னை இரண்டாம் இன்ஜினியராகக் கூப்பிட்டார்கள். மகள் பிறந்த பிறகு நான் கடலுக்குப் போனதே இல்லை. "போயிட்டு வா, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லி, கணவர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காரில் கொண்டுவந்து படகுத்துறையில் விட்டார்.

மூன்று மாடி உயர இயந்திரம். ஓடுகிற கப்பலில் அதன் பக்கத்தில் நின்றால் கத்தித்தான் பேச வேண்டும். இங்கே என் பூட்ஸ் சத்தம் எனக்கே கேட்டது.

இவ்வளவு நாள் கிடந்த இயந்திரத்தை நேராக ஸ்டார்ட் செய்துவிட முடியாது. எண்ணெயை ஓடவிட்டு, குளிர்விக்கும் தண்ணீரைச் சூடாக்கினோம். பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து வைத்து, மோட்டாரால் இயந்திரத்தை மெல்லச் சுற்றினோம். உள்ளே தண்ணீர் இருந்தால் அந்த வழியாக வெளியே வரும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தால் இரும்புத் தண்டே வளைந்துவிடும்.

முதல் மூன்றிலும் ஒன்றும் வரவில்லை. நான்காவது, தண்ணீரை என் முகத்திலேயே பீய்ச்சியடித்தது. உதட்டில் பட்டது உப்புக் கரிக்கவில்லை. கடல் தண்ணீர் இல்லை, இயந்திரத்தின் சொந்தத் தண்ணீர்தான் எங்கேயோ கசிகிறது.

சீஃப் இன்ஜினியருக்குச் சொந்த ஊர் சுங்கை வே. இந்தக் கப்பலோடு ஓய்வு பெறுவதாக இருந்தார். "செகண்ட், இது கிராக்தான் லா. இழுத்துட்டுப் போற டக் போட்டை வரச் சொல்லிடுவோம்."

"தெறந்து பாக்காம எப்படி சார் கிராக்னு சொல்றது?"

"தெறக்கறதுக்கே ரெண்டு நாளு ஓடிடும். ஆபீஸ்ல கேட்டா என்னா சொல்றது?"

"நான் தெறக்கச் சொன்னேன்னு சொல்லுங்க சார்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நிச்சயம் இல்லை. உள்ளே விரிசல் இருந்தால், திரும்பி வந்த முதல் வேலையிலேயே என் பேச்சு எடுபடாமல் போய்விடும்.  சீஃப் சாவியை எடுத்துவந்து கிரேன் பூட்டைத் தானே திறந்துவிட்டார்.

காரைவிடக் கனமான சிலிண்டர் மூடியை நானும், பாகங்களைக் கழற்றி மாட்டும் கிள்ளான்கார ஃபிட்டரும் கிரேனால் தூக்கி இறக்கினோம். டார்ச் அடித்து, சாயம் பூசித் துடைத்து, அங்குலம் அங்குலமாகத் தேடினோம். விரிசல் இல்லை. தண்ணீரை அடைத்து நிற்க வேண்டிய ரப்பர் வளையம்தான் காய்ந்து போயிருந்தது. ஃபிட்டர் விரலால் அழுத்தியதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. கப்பலில் இருந்த மாற்று வளையமும் அதே வயசு, அதே கதி.

"அக்கா, கிள்ளான்ல ஒரு கடை தெரியும். போட்ல போயி வாங்கிட்டு வந்துடறேன்," என்றார். உடைந்த துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர், மறுநாள் மதியம் புது வளையத்தோடு ஏணியில் ஏறி வந்தார்.

மாட்டி மூடினோம். தண்ணீரை அழுத்தம் கொடுத்து நிறுத்தி, காலையில் பார்த்தேன். சொட்டுக்கூட இல்லை. மறுபடியும் சுற்றியபோது நான்காவது குழாயில் எண்ணெய் ஆவி மட்டுமே வந்தது.

ஸ்டார்ட் செய்தோம். அழுத்தக் காற்று இயந்திரத்தைப் புரட்டியது, ஆனால் எரிபொருள் பற்றவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே. "போதும் லா," என்றார் சீஃப். "இன்னும் ஒரு தடவை சார்," என்று சொல்லி, காற்றுத் தொட்டி நிரம்புவதற்குள் மேலே ஏறினேன். எரிபொருள் பம்புகளைத் திறந்துவிடும் தண்டுகளில் பாதி அசையவே இல்லை. பழைய எண்ணெய் பசையாக இறுகியிருந்தது. நானும் ஃபிட்டரும் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒவ்வொன்றையும் கையால் ஆட்டி ஆட்டி இளக்கினோம். தோள் விட்டுப்போனது.

கீழே வந்ததும் சீஃப் கைப்பிடியை விட்டு நகர்ந்தார். "நீங்களே இழுங்க."

இழுத்தேன். காற்று சீறியது. ஒரு கனத்த இடி, இன்னொன்று, பிறகு வரிசையாக. காலடித் தகடு அதிர்ந்தது. நான் படியேறி நான்காவதுக்கு ஓடினேன். குழாயைத் தொட்டேன், மீட்டரைப் பார்த்தேன். மற்ற சிலிண்டர்களோடு சேர்ந்து சீராகச் சூடேறிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று சிரித்தேன். சீஃப் மூச்சிரைக்க ஏறி வந்து என் காதில் கத்தினார்: "டக் வேணாம்னு சொல்லிட்டேன்!"

அடுத்த வாரம் அந்தக் கப்பல் சொந்த இயந்திரத்திலேயே சிங்கப்பூர் பட்டறைக்குப் போனது. நானும் அதில் போனேன்.