படித்துக் காட்டாமல் வாங்கிய கைநாட்டு

அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நாலு வரி இங்கிலீஷில் டைப் அடிக்கத் தெரியும் என்பதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

சௌல்தாரிப் பக்கம் ஒரு சின்ன அரசுப் பள்ளிக்கூடம். நிலம் கிடைத்துக் குடியேறிய தமிழ், பெங்காலிக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். செலவைக் குறைப்பதற்காக அதை மூடி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட மேலிடத்தில் யோசித்தார்கள். அதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். தமிழ் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள்.

நாற்று நடும் நேரம். எல்லோரும் வயலில். மத்தியான பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் வரப்பு வரப்பாக ஓடினேன். "ஸ்கூல் விஷயமா ஒரு காகிதம், கைநாட்டு வைங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம். நம்ம பேச்சு பேசுகிறவன் என்று தமிழர்கள் ஒருவர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. அவர்கள் வைத்ததைப் பார்த்து பெங்காலிக்காரர்களும் வைத்தார்கள்.

கடைசியாக ஓர் அம்மா. முப்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் சேறு படக்கூடாதாம். வாய்க்காலில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, சேலையில் துடைத்துவிட்டுத்தான் விரலை நீட்டினார். வைத்து முடித்ததும், "கூரை எப்பங்க போடுவாங்க? மழை வந்தா எம் பொண்ணு புத்தகத்தை மடிக்குள்ள வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று கேட்டார்.

கூரை வேண்டுமென்று அவர்கள் முன்பே கேட்டிருந்தார்களாம். அதற்குத்தான் காகிதம் வந்திருக்கிறது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். சீக்கிரம் போடுவார்கள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "அப்ப மூடிக்கங்கன்னு நாங்களே சொல்லிட்டமா? நீங்க நம்மாளுன்னுதானே வச்சோம்" என்றார். அவமானம் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பஸ் போனால் போகட்டும் என்று எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கூட்டி, காகிதத்தை வரி வரியாகத் தமிழிலும், அரைகுறை ஹிந்தியிலும் சொன்னேன். "ஹமாரா ஸ்கூல் பந்த்?", நம்ம ஸ்கூலை மூடுகிறார்களா என்று ஒரு பெங்காலிக்காரர் எழுந்தே விட்டார். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை நானே அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்.

மனு எழுத உட்கார்ந்தோம். ஐயா அவர்கள் தயவு பண்ண வேண்டும் என்றே எல்லோரும் ஆரம்பித்தார்கள். "தயவெல்லாம் எதுக்கு? பிள்ளைங்க என்ன பாடுபடும்னு எழுதுங்க" என்றார் அந்த அம்மா. பெரிய பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு நாலா, அதாவது காட்டோடை. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள், அதோடு படிப்பு நின்றது. அதையே எழுதினோம். முடிவெடுக்கும் முன் அதிகாரி ஒருநாள் பிள்ளைகளோடு அந்த வழியில் நடந்து பார்க்க வேண்டும் என்றும் அந்த அம்மா சேர்க்கச் சொன்னார்.

முதல் காகிதத்தில் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கினேன் என்று ஆபீஸில் நானே எழுதிக் கொடுத்தேன். மெமோ கிடைத்தது. வாங்கிக்கொண்டேன். அதிகாரியும் ஒருநாள் வந்தார். நாலா வரைதான் நடந்தார். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம் அங்கேயே இருக்கும். ஆனால் இரண்டு வாத்தியார்களில் ஒருவர் போக வேண்டும். நானே எடுத்துப் போனேன். "ஸ்கூல் தப்பிச்சதும்மா!" என்று சந்தோஷமாக நீட்டினேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "முழுசாப் படிங்க" என்றார். வாத்தியார் போகிற வரியையும் படித்தேன். அவர், "அப்ப இதுக்கும் எழுதணும், உக்காருங்க" என்றார்.

என் பேச்சை நம்பாமல் என்னைப் படிக்க வைத்தாரே, அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் யாரிடமும் முழுவதும் படித்துக் காட்டாமல் நான் ஒரு கையெழுத்துக்கூட வாங்கியதில்லை.